கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும் ‘எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்’ ஏன் சலிப்பதில்லை?

செகண்ட்ஷோ:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழை முழுக்க ஸ்பாய்லர்தான். 1997இல் வந்த படம், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மர்மப் படங்களுக்கு ஒரு சாபம் உண்டு. முடிச்சு அவிழ்ந்த பிறகு மறுபடி பார்க்கத் தோன்றாது. இந்தப் படம் மட்டும் எனக்கு நேர்மாறாக இருக்கிறது. போலீஸ் கேப்டன் டட்லி ஸ்மித்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. ஏன் என்று யோசித்தபோது தோன்றியது: நைட் அவுல் காபிக்கடையில் ஆறு பேரைச் சுட்டது யார் என்பது இந்தப் படத்தின் உண்மையான புதிரே இல்லை. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் டட்லி, எக்ஸ்லி என்ற இளம் போலீஸ் அதிகாரியிடம் மூன்று கேள்வி கேட்கிறார். குற்றவாளி என்று உனக்கு உறுதியாகத் தெரிந்த ஒருவன் மேல் பொய் ஆதாரம் வைப்பாயா, அடித்து வாக்குமூலம் வாங்குவாயா, ஏதாவது ஒரு வக்கீல் அவனை வெளியே கொண்டுவந்துவிடுவான் என்று தெரிந்தால் முதுகில் சுடுவாயா. எக்ஸ்லி மூன்றுக்கும் மாட்டேன் என்கிறான். அப்படியானால் துப்பறியும் பிரிவுக்கு ஆசைப்படாதே என்கிறார் கிழவர்.

அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரமும் அந்த மூன்று ‘மாட்டேன்’ ஒவ்வொன்றாக உதிர்வதுதான். பட் ஒயிட் என்ற முரட்டுப் போலீஸ்காரன் ஒருவனைச் சுட்டுவிட்டு அவன் கையில் துப்பாக்கியைத் திணிக்கிறான், எக்ஸ்லிக்கு அது புரிகிறது. மாவட்ட அரசு வழக்கறிஞரை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு உண்மையைக் கறக்கும்போது எக்ஸ்லி பக்கத்திலேயே நிற்கிறான். கடைசியில் டட்லியின் முதுகில் சுடுவதும் அவன்தான். கேள்வி கேட்டவர் மேலேயே விடையை எழுதிவிட்டான். இதைக் கவனித்த பிறகு யார் கொலையாளி என்பது எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. உங்களுக்கெல்லாம் எது பிடித்தது, சொல்லுங்கள்.

டென்ட்கொட்டாய்:
நல்ல பதிவு. ஆனால் எனக்கு இந்தப் படம் கண்ணுக்குத்தான் முதலில் பிடித்தது. நுவார், அதாவது இருண்ட குற்றப் படம் என்றாலே மழை ஈரத் தெரு, ஜன்னல் பட்டை நிழல், சிகரெட் புகை என்று நமக்குப் பழகிவிட்டது. பழைய காலத்தைக் காட்டுகிறோம் என்று சிலர் படம் முழுக்கப் பழுப்பு நிறத்தைக் கொட்டிவிடுவார்கள், பார்ப்பவருக்கு மஞ்சள் காமாலையோ என்று சந்தேகம் வரும். இங்கே இயக்குநர் கர்ட்டிஸ் ஹான்சன் வெயிலில் ஆரம்பிக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுலா அஞ்சலட்டைகள், ஆரஞ்சுத் தோட்டம், கடற்கரை, சொந்த வீடு, எல்லோருக்கும் வேலை, பின்னணியில் ஜாலியாக ஒரு பாட்டு. சொல்வது யார்? கிசுகிசுப் பத்திரிகை நடத்தும் சிட் ஹட்ஜன்ஸ். இரண்டே நிமிடத்தில் நகரத்தை விற்றுவிட்டு, அடியில் என்ன ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறார்.

ஒளிப்பதிவு டான்டே ஸ்பினோட்டி. இதற்கு இரண்டு வருடம் முன்புதான் ‘ஹீட்’ எடுத்திருந்தார். அந்த நவீனக் கண்ணோடுதான் 1953ஐப் பார்க்கிறார். கார், தொப்பி, சுவரொட்டி எல்லாம் பின்னணியில் தன்பாட்டுக்குக் கிடக்கின்றன, கேமரா எதையும் சுட்டிக் காட்டிப் பெருமைப்படுவதில்லை. விபச்சாரத் தொழில் நடத்தும் பாட்செட்டின் வீட்டைக் கவனித்தீர்களா? கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா 1929இல் கட்டிய லவல் ஹவுஸ் அது. வெள்ளைச் சுவர், பெரிய பெரிய கண்ணாடி, எங்கே பார்த்தாலும் வெளிச்சம். நகரத்திலேயே அழுக்கான தொழில் அங்கேதான் நடக்கிறது.

புதுவரவு:
ஆர்வக்கோளாறில் நேற்று இரவு பார்த்துவிட்டேன், பாதிக்கு மேல் யார் யாரென்றே பிடிபடவில்லை. ஸ்டென்ஸ்லண்ட், மீக்ஸ், லெஃபர்ட்ஸ், பாட்செட் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. யாராவது கதையை நேராகச் சொல்லுங்கள் ப்ளீஸ்.

கருப்புவெள்ளை:
@புதுவரவு, நேராகச் சொன்னால் இவ்வளவுதான். மிக்கி கோஹன் என்ற தாதா வரி ஏய்ப்பில் உள்ளே போகிறான் (நிஜ ஆள், 1951இல் நிஜமாகவே உள்ளே போனான்). அவன் இடம் காலி. அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். செய்வது டட்லி, போலீஸ் கேப்டன். நடுவில் பெரிய மூட்டை ஹெராயின் ஒன்று முன்னாள் போலீஸ்காரன் மீக்ஸ், பட் ஒயிட்டின் பழைய போலீஸ் கூட்டாளி ஸ்டென்ஸ்லண்ட் ஆகிய இருவர் கைக்குப் போய்விடுகிறது. மீக்ஸின் பிணம் ஒரு வீட்டுக்கு அடியில் நாறிக்கிடப்பதை பட் கண்டுபிடிக்கிறானே, அது இதில்தான் வருகிறது. நைட் அவுல் கொலை ஸ்டென்ஸ்லண்டைத் தீர்க்க நடந்தது, பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் கொள்ளை போலத் தோன்றுவதற்காகச் செத்தவர்கள். பழியைப் போட மூன்று கறுப்பின இளைஞர்கள் வேண்டும், அவர்கள் காரில் டட்லியின் ஆட்களே ஷாட்கன்களைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். பாட்செட் தனி ரூட்: சினிமா நடிகைகள் சாயலில் பெண்களின் முகத்தை ஆபரேஷனில் வெட்டித் தைத்து விபச்சாரத்துக்கு அனுப்புகிறவன், படமெடுத்து மிரட்டுகிறவன். அவனும் டட்லியும் கூட்டாளிகள். லெஃபர்ட்ஸ் அவனுடைய பெண்களில் ஒருத்தி, அந்த ராத்திரி ஸ்டென்ஸ்லண்டோடு காபிக்கடையில் இருந்ததால் செத்தாள்.

இரண்டாம் முறை பாருங்கள், இந்தப் பெயர்கள் எல்லாம் முதல் அரை மணி நேரத்திலேயே சாதாரணமாக வந்துபோயிருக்கும்.

அப்புறம் @டென்ட்கொட்டாய், காலகட்டம் கண்ணுக்கு அழகு என்பதோடு முடிந்துவிடவில்லை. இந்தக் கதை 1950களில் மட்டும்தான் நடக்க முடியும். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைவராக வில்லியம் பார்க்கர் 1950இல் வந்தார், 1966 வரை அவர்தான். லஞ்சப் பேரெடுத்த துறையை விறைப்பான, ஏறக்குறைய ராணுவம் மாதிரியான அமைப்பாக மாற்றினார், கூடவே அதற்கு ஒரு முகப்பூச்சும் பூசினார். ‘டிராக்நெட்’ தொடர் 1949இல் ரேடியோவில் தொடங்கி 1951 டிசம்பரில் டிவிக்கு வந்தது. கதைகள் போலீஸ் கோப்புகளிலிருந்து, ஸ்கிரிப்ட் துறையின் பார்வைக்குப் போய்வரும். நாடு முழுக்க அந்தப் போலீஸ்காரர்களை ரசித்துக்கொண்டிருந்தது. அதே டிசம்பரில், கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை, அதே ஊர் லாக்கப்பில் குடிபோதையில் இருந்த போலீஸ்காரர்கள், பிடித்து வைத்திருந்த ஏழு பேரைப் போட்டு மணிக்கணக்கில் அடித்தார்கள். அந்த ஏழில் ஐந்து பேர் மெக்சிகோ வம்சாவளி. ‘பிளடி கிறிஸ்துமஸ்’ என்று பேர் வாங்கிய அந்தச் சம்பவத்தில் எட்டுப் போலீஸ்காரர்கள் மேல் குற்றம் சாட்டப்பட்டது, ஐந்து பேருக்குத் தண்டனை, 39 பேர் சஸ்பெண்ட், 54 பேர் இடமாற்றம். படத்தில் எக்ஸ்லி சாட்சி சொல்லிப் பதவி உயர்வு வாங்குவது இந்த நிகழ்ச்சியை வைத்துத்தான், ஆண்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

படத்தில் வரும் ‘பேட்ஜ் ஆஃப் ஆனர்’ தொடர் டிராக்நெட்டின் நகல். சிட் ஹட்ஜன்ஸ் நடத்தும் ஹஷ்-ஹஷ் பத்திரிகை 1952இல் தொடங்கிய ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற நிஜக் கிசுகிசுப் பத்திரிகையின் நகல். டிவி ஒரு பொய் சொல்கிறது, பத்திரிகை வேறொன்று சொல்கிறது, ஜாக் வின்சென்ஸ் என்ற இன்னொரு போலீஸ்காரன் இரண்டு இடத்திலும் காசு வாங்குகிறான். இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இன்னொரு கடத்தல் கதை.

செகண்ட்ஷோ:
கருப்புவெள்ளை சார், அந்த டிசம்பர் விஷயம் பிரமாதம்.

ஸ்காபரோ_தமிழன்:
அந்தக் காலத்தில் இதைத் திரையரங்கில் பார்த்தவர்களுக்கு இன்னொரு சுவை இருந்தது, இப்போது பார்ப்பவர்களுக்கு அது கிடைக்காது. ரஸ்ஸல் க்ரோவும் (பட்) கை பியர்ஸும் (எக்ஸ்லி) யாரென்றே அமெரிக்காவில் பெரிதாகத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இரண்டு பேரை வைத்து லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கதை. தெரிந்த முகம் ஜாக்காக வரும் கெவின் ஸ்பேசியுடையதுதான், அதனால் அவர்தான் கதாநாயகன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவரை டட்லி தன் சமையலறையில் வைத்து, டீ போட்டபடி, பேசிக்கொண்டே இருக்கும்போது சுட்டபோது தியேட்டரில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள். டட்லியாக வரும் ஜேம்ஸ் க்ராம்வெல் முகத்தில் கோபம்கூட இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ‘பேப்’ படத்தில் பன்றிக்குட்டி வளர்க்கும் நல்ல தாத்தாவாக வந்தவர்!

ஆஸ்கரில் ஒன்பது பரிந்துரை, கிடைத்தது இரண்டு: கிம் பேசிங்கருக்கும் தழுவல் திரைக்கதைக்கும். மீதியை டைட்டானிக் அள்ளிக்கொண்டு போனது. கப்பலோடு யார் மல்லுக்கட்டுவது.

செகண்ட்ஷோ:
அந்தச் சமையலறைக் காட்சியைப் பற்றியே தனி இழை போடலாம். அதற்குச் சற்று முன்னால் எக்ஸ்லி, ஜாக்கிடம் தன் அப்பா கதையைச் சொல்கிறான். பர்ஸ் பறித்தவன் ஒருவன் அப்பாவைச் சுட்டுவிட்டுத் தப்பிவிட்டான், யாரென்றே தெரியவில்லை, அதனால் ‘ரோலோ டொமாசி’ என்று நானாக ஒரு பெயர் வைத்தேன், தப்பித்துவிடுகிற ஆட்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான் என்கிறான். பிறகு, நீ ஏன் போலீஸானாய் என்று ஜாக்கைக் கேட்கிறான். ஜாக் முகம் அப்படியே இறங்கிப்போகிறது, நினைவில்லை என்கிறான். அந்த ஒரு பதிலுக்காகவே அந்த நடிப்பு எனக்குப் பிடிக்கும்.

சாகும்போது ஜாக் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். டட்லி அது யாரோ கூட்டாளி பெயர் என்று நினைத்து, விசாரித்துச் சொல் என்று எக்ஸ்லியிடமே கேட்கிறார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். துப்பறியும் கதையில் தடயம் என்றால் ரேகை, முடி, தோட்டா என்றிருக்கும். இங்கே தடயம் என்பது நம்பிச் சொன்ன ஒரு ரகசியம். செத்தவன் உயிரோடு இருப்பவனுக்குக் கொலைகாரன் வழியாகவே செய்தி அனுப்புகிறான். இதைத்தான் திரைக்கதை என்கிறேன்.

கருப்புவெள்ளை:
அந்த ரோலோ டொமாசி நாவலில் கிடையாது என்பது தெரியுமா? ஹான்சனும் பிரையன் ஹெல்ஜலண்டும் சேர்ந்து உண்டாக்கியது. ஜேம்ஸ் எல்ராய் 1990இல் எழுதிய நாவலில் எக்ஸ்லியின் அப்பா உயிரோடு இருக்கிறார், அதுவும் பெரிய கட்டுமான முதலாளியாக. கேளிக்கைப் பூங்கா, குழந்தைக் கொலைகள் என்று நாவல் எங்கெங்கோ போகும், காலமும் 1950களில் பெரும்பகுதிக்கு நீளும். அவ்வளவையும் வெட்டிவிட்டு மூன்று போலீஸ்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எல்ராயின் நாற்பெரும் நாவல் வரிசையில் இது மூன்றாவது. பதிப்பாளர் நீளத்தைக் குறைக்கச் சொன்னபோது மனிதர் காட்சிகளை விட்டுவிட்டு வாக்கியத்துக்குள் இருந்த சொற்களை வெட்டினார், அதனால்தான் படிக்கும்போது தந்தி வாசிப்பது போலிருக்கும்.

அவருக்குப் பத்து வயதாகும்போது, 1958இல், அம்மா கொலை செய்யப்பட்டார். லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே எல் மான்டே என்ற ஊரில். இன்றுவரை யார் செய்தது என்று தெரியாது. பட் ஒயிட் கிறிஸ்துமஸ் இரவில் மனைவியை அடிப்பவன் வீட்டுக் கூரை அலங்காரத்தைப் பிடுங்கிப் போட்டு, அவனை வெளியே வரவழைத்து உதைப்பதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

மலர்விழி_கோவை:
எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறீர்கள், நான் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன். படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பட் ஒயிட்டின் ‘பெண்களைக் காப்பவன்’ பிம்பத்தைப் படம் எவ்வளவு தூரம் நம்பச் சொல்கிறது என்று பாருங்கள், பிறகு அவன் காதலி லின் (கிம் பேசிங்கர், பாட்செட்டின் பெண்களில் ஒருத்தி) எக்ஸ்லியோடு இருந்த போட்டோவைப் பார்த்ததும் அவன் என்ன செய்கிறான்? மழையில் நின்று அவளையே அறைகிறான். அந்த இடத்தில் படம் நேர்மையாக இருந்தது. ஆனால் அதற்கு அவன் கொடுக்கும் விலை என்ன? ஒன்றுமில்லை, அவள் கடைசியில் அவனை வண்டியில் வைத்து ஊருக்குக் கூட்டிப்போகிறாள்.

லின் பாத்திரத்தில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு அறைகள்தான். வாடிக்கையாளருக்கு வெள்ளைப் பட்டு விரித்த அறை, அங்கே அவள் அந்தக் கால நடிகை வெரோனிகா லேக்கின் சாயல். உள்ளே தள்ளி அவளுடைய சொந்த அறை, அங்கே அரிசோனாவிலிருந்து வந்த பெண். பட் ஒயிட்டை அந்த உள்ளறைக்கு அழைத்துப்போகிறாள். வசனமே இல்லாமல் காதலைச் சொல்லிவிட்டார்கள். கிம் பேசிங்கர் அந்தப் பரிசுக்குத் தகுதியானவர்தான், ஆனால் மூன்று ஆண்களுக்கும் கடந்தகாலம், குற்ற உணர்வு, லட்சியம் எல்லாம் கொடுத்தவர்கள் இவளுக்கு ஒரு துணிக்கடைக் கனவை மட்டும் கொடுத்தார்கள்.

இனெஸ் சோட்டோ? கடத்திக் கெடுக்கப்பட்ட அந்த மெக்சிகன் பெண்ணைப் பற்றி இந்த இழையில் இதுவரை யாருமே பேசவில்லை!

வக்கீல்_குமாஸ்தா:
மலர்விழி அம்மா, அதைத்தான் எழுத வந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் கோர்ட் வராண்டாவில் காலம் தள்ளுகிறவன் நான், எனக்கு இந்தப் படத்தின் நடுநாயகம் விசாரணைக் காட்சிதான். மூன்று அறை, மூன்று பையன்கள், எக்ஸ்லி ஒவ்வொரு அறையாகப் போகிறான். ஒருவன் உளறுவதை ஒலிபெருக்கியைத் திருகி அடுத்தவனுக்குக் கேட்க வைக்கிறான், தேவைப்படும் வரி முடிந்ததும் அணைக்கிறான். கை வைக்காமலேயே ஆளை உடைக்கிறான். நாமும் சபாஷ் போடுகிறோம். அப்போதுதான் பேச்சில் ஒரு பெண் எங்கேயோ அடைபட்டிருப்பது தெரியவருகிறது, பட் உள்ளே புகுந்து ஒருவன் வாயில் ரிவால்வரைத் திணிக்கிறான். நாம் அதற்கும் சபாஷ் போடுகிறோம். இரண்டு வழியும் போய்ச் சேர்ந்தது எங்கே? அந்த மூன்று பேரும் ஒரு பெண்ணைக் கெடுத்த பாவிகள்தான், ஆனால் காபிக்கடைக் கொலையைச் செய்யவில்லை.

அவர்கள் தப்பியோடி, எக்ஸ்லி துரத்திப்போய்ச் சுட்டு, ஹீரோவாகிறான். பின்னால் ஒருநாள் இனெஸ் சொல்கிறாள், அவர்கள் வெளியே போன நேரம் என்று நான் சொன்னது பொய், கொலை செய்தார்கள் என்றால்தான் இவர்கள் என் வழக்கைப் பொருட்படுத்துவார்கள் என்று தெரியும், எனக்கு நடந்தது மட்டும் என்றால் யார் கவலைப்படுவார்கள் என்று. கணக்கு போட்டுப் பாருங்கள், அந்தப் பெண்ணுக்குப் போலீஸ் மேல் எவ்வளவு தெளிவான அபிப்பிராயம்! படத்தில் போலீஸைச் சரியாகப் புரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

நம்மூர் போலீஸ் படங்களில் என்கவுன்டரோடு படம் முடியும், விசில் பறக்கும், விளக்குப் போட்டுவிடுவார்கள். இங்கே என்கவுன்டர் நடுவில் வருகிறது, பதக்கமும் நடுவிலேயே வருகிறது, மிச்சப் படம் முழுக்க அந்தப் பதக்கம் குத்திக்கொண்டே இருக்கிறது.

டென்ட்கொட்டாய்:
குமாஸ்தா அண்ணே, கடைசிப் பத்திக்கு ஒரு விசில்.

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். இந்தப் படக் கதை நடக்கும் நாட்களை ஒட்டி, 1954இல், சென்னையில் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்துவிட்டார். பாட்டே கிடையாது, சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார், சி.ஐ.டி.யாக ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிப்பார். 1943இல் ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட நாளில் நடக்கிற கதை, ஆக அதுவும் கொஞ்சம் பின்னோக்கிப் போன படம்தான். அதிலும் நிழல்தான் பாதி நடிப்பு. ஹான்சன் படம் பிடித்தவர்கள் அதையும் பாருங்கள்.

ஸ்காபரோ_தமிழன்:
தடம் மாறினாலும் நல்ல ஸ்டேஷனில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே விசாரிக்கும் அதிகாரி மேல் நமக்குச் சந்தேகமே வராது. இங்கே விசாரிக்கிறவர்கள்தான் சந்தேகப் பட்டியலே.

லானா டர்னர் காட்சியை யாரும் சொல்லவில்லையே? ஃபார்மோசா கஃபேயில் கோஹனின் அடியாள் ஜானி ஸ்டாம்பனாட்டோவுடன் உட்கார்ந்திருப்பவளை, நடிகை சாயலில் வெட்டித் தைத்த பெண் என்று நினைத்து எக்ஸ்லி அவமானப்படுத்துவான். அவளோ நிஜ லானா டர்னர். ஜாக் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பதைப் பார்க்க வேண்டும். அந்த ஸ்டாம்பனாட்டோ 1958இல் லானாவின் வீட்டிலேயே, அவருடைய பதினான்கு வயது மகள் கையால் கத்திக்குத்துப்பட்டுச் செத்தான் என்று தெரிந்தால் சிரிப்பு கொஞ்சம் கசக்கும். நகல் எது, அசல் எது என்று துப்பறியத் தெரியாத துப்பறிவாளன்!

மலர்விழி_கோவை:
சரி, முடிவுக்கு வருவோம். விக்டரி மோட்டல் துப்பாக்கிச் சண்டை வரை ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு குண்டு வாங்கிய பட் எப்படிப் பிழைத்தான்? கட்டுப் போட்ட முகத்தோடு காரில் உட்கார்ந்து வழியனுப்புகிறார்கள், வெயில், புன்னகை. நுவார் படத்துக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றின மாதிரி. நாவலில் டட்லி சாவதே இல்லை, அடுத்த புத்தகத்துக்கும் வருகிறார். அதுதான் நியாயமான முடிவு, அப்படிப்பட்ட ஆட்கள் சாவதில்லை.

செகண்ட்ஷோ:
பட் விஷயத்தில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். ஆனால் டட்லி செத்தாலும் டட்லி தோற்கவில்லையே. விசாரணை அறையில் எக்ஸ்லி எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைக்கிறான், கண்ணாடிக்குப் பின்னால் மேலதிகாரிகள் துறையின் மானத்தைக் காப்பாற்ற வழி தேடுகிறார்கள். டட்லியைப் பணியில் உயிர்விட்ட வீரனாக அறிவித்துவிடலாம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. எக்ஸ்லி உள்ளே சிரித்துக்கொள்கிறான், ஒரு ஹீரோ போதாது, இரண்டு வேண்டும் என்கிறான். பேரம் முடிந்தது. படத்தின் முதல் காட்சியில் பார்த்த அஞ்சலட்டையில் ஒரு கீறல்கூட விழவில்லை. இதைவிடக் கறுப்பான முடிவு என்ன வேண்டும்?

கருப்புவெள்ளை:
அந்தப் பேரத்தை 1997இல் பார்த்தவர்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றியிருக்காது. 1991இல் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் அடித்த வீடியோ, அடுத்த வருடம் கலவரம், எல்லாம் அதே துறை. படம் வெளிவந்த மறுவருடம் ராம்பார்ட் பிரிவு விவகாரம் வெடிக்க ஆரம்பித்தது, பொய் ஆதாரம் வைப்பது, நிராயுதபாணியைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பக்கத்தில் போடுவது என்று வெளியே வந்ததெல்லாம் டட்லியின் கேள்வித்தாள்தான்.

வக்கீல்_குமாஸ்தா:
மலர்விழி அம்மா பட் பிழைத்ததைப் பற்றிக் கோபப்படுகிறார், எனக்கு உறுத்துவது வேறு. கடைசியில் எக்ஸ்லிக்கு மறுபடியும் வீரப்பதக்கம் குத்துகிறார்கள், இரண்டாவது முறை என்று மேடையிலேயே பெருமையாகச் சொல்கிறார்கள். முதல் பதக்கம் எதற்குக் கொடுத்தது? நைட் அவுல் கொலைகாரர்களைச் சுட்டதற்கு. அவர்கள் கொலைகாரர்கள் இல்லை என்பது இப்போது அந்த மேடையில் நிற்கும் பெரிய ஆட்களுக்குத் தெரியும், எக்ஸ்லிக்கும் தெரியும். திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை.

மலர்விழி_கோவை:
இதை நான் கவனிக்கவே இல்லை. சர்க்கரைப் பாகுப் புகாரில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன், பட் புகார் அப்படியே நிற்கிறது.